சாவி யாருடைய லாச்சியில்? வெளிநாட்டில் நிற்கும் படையினரைக் கண்காணிக்க நான்கு வழிகள்

சட்டத்தரணியாக இருக்கும் நண்பர் ஒருவர் ஒரு பாராளுமன்ற உறுப்பினரிடம் கொடுப்பதற்கு யோசனைக் கடிதம் ஒன்று தயாரிக்கிறார். ஐ.நா. அமைதிகாப்புப் பணிக்கு இலங்கையிலிருந்து போகும் படையினர் போன இடத்தில் அடிதடி, கொலை, பாலியல் வன்முறை என்று எதிலும் இறங்காமல் பார்த்துக்கொள்வது யாருடைய பொறுப்பு, அந்தப் பொறுப்பை அவர்கள் சரியாகச் செய்கிறார்களா என்று பார்ப்பது யார், இதுதான் கடிதத்தின் விஷயம். "ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரிச் செய்யுது, நாங்கள் எதைக் கேக்கிறது?" என்று வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கேட்டார். அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. கொஞ்சம் வாசித்துவிட்டு இப்போது ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் என் பக்கச்சார்பைச் சொல்லிவிட வேண்டும். முன்பு கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தேன், பெயர் வேண்டாம். வாசலில் முறைப்பாட்டுப் பெட்டி ஒன்று தொங்கும், பச்சைத் தகரம், சின்னப் பூட்டு, மூன்று மொழியிலும் அழகாக எழுதியிருந்தார்கள். எங்கள் பகுதி மேற்பார்வையாளர் பெண் பிள்ளைகளிடம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி இரண்டு பேர் எழுதிப் போட்டார்கள். அடுத்த நாள் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இது யாருடைய கையெழுத்து?" என்று மேசை மேசையாகக் கேட்டுவந்தவர் அதே மேற்பார்வையாளர்தான். பெட்டியின் சாவி அவருடைய லாச்சிக்குள் கிடந்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள் டொபி உறைகள்தான் விழுந்தன. ஆகவே எந்த முறையைப் பற்றி யார் புகழ்ந்து சொன்னாலும் நான் முதலில் தேடுவது அந்தச் சாவியை.

இன்னொன்று. 2019இல் "சோஃபா" என்ற சொல், அதாவது ஒரு நாட்டில் வந்து நிற்கும் வெளிநாட்டுப் படையினரின் சட்ட நிலை பற்றிய உடன்படிக்கை, இங்கே எப்படி அடிபட்டது என்று ஞாபகம் இருக்கும். அமெரிக்காவோடு 1995இலேயே கடிதப் பரிமாற்றமாக ஓர் உடன்பாடு இருந்தது, அதைப் புதிதாக எழுத வேண்டும் என்று அவர்கள் கேட்க, அமெரிக்கச் சிப்பாய் இங்கே குற்றம் செய்தால் எங்கள் நீதிமன்றம் தொடவே முடியாது என்று பஸ்ஸிலும் சலூனிலும் தொலைக்காட்சியிலும் ஒரே சத்தம். நியாயமான சத்தம்தான், நானும் சேர்ந்து போட்டேன். ஆனால் ஐ.நா. 1990இல் தயாரித்த மாதிரி உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். அமைதிகாப்புப் படைப்பிரிவைச் சேர்ந்த சிப்பாய் போன நாட்டில் குற்றம் செய்தால், அவரை அனுப்பிய நாடு மட்டுமே விசாரிக்கலாம். எங்களுக்கு யாரும் செய்யக்கூடாது என்று நாங்கள் கத்திய அதே ஏற்பாட்டின் நிழலில்தான் எங்கள் ஆட்கள் ஹெய்ட்டியில் நின்றார்கள். ஹெய்ட்டிக்காரனுக்கு அங்கே நாங்கள்தான் அமெரிக்கா.

சரி, முதல் வழி அதுதான்: எல்லாம் படைக்குள்ளேயே, கட்டளை அதிகாரி கையில். ஒழுக்கம், விசாரணை, தண்டனை, எல்லாமே. உலகத்தில் பெரும்பாலான இராணுவங்கள் இப்படித்தான் ஓடுகின்றன, இதற்கு ஆதரவாகச் சொல்ல நல்ல காரணமும் உண்டு. இன்றிரவு யார் முகாமை விட்டு வெளியே போகலாம், யாருக்குக் குடிக்க அனுமதி, யாரை உடனே ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானிக்கக் கூடியவர் கட்டளை அதிகாரி ஒருவர்தான். ஜெனீவாவில் அல்லது கொழும்பில் இருக்கும் எந்த ஆணைக்குழுவாலும் இரவு பதினொரு மணிக்கு ஒரு வாயிற்கதவை மூடமுடியாது.

ஆனால் ஹெய்ட்டியில் என்ன நடந்தது? 2007 நவம்பரில், அங்கே நின்ற ஏறத்தாழ 950 பேர் கொண்ட இலங்கைப் படைப்பிரிவிலிருந்து 108 பேரைத் திருப்பி அனுப்புவதாக ஐ.நா. அறிவித்தது. அதில் மூன்று பேர் அதிகாரிகள். பிறகு அந்தக் கணக்கு 114 ஆனது. பத்து வருடம் கழித்து, 2017இல், ஏ.பி. செய்தி நிறுவனம் ஐ.நா.வின் உள்ளக அறிக்கையைத் தோண்டியெடுத்து எழுதியது: 2004 முதல் 2007 வரை குறைந்தது 134 இலங்கைச் சிப்பாய்கள் ஒன்பது சிறுவர் சிறுமியரைப் பாலியல் தேவைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள், சாப்பாட்டுக்கும் சில்லறைக் காசுக்கும் பதிலாக. ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. 2013இல் வேறொரு முறைப்பாடு எழுந்தபோது விசாரிக்க இங்கிருந்து அனுப்பப்பட்டவரும் ஒரு மேஜர் ஜெனரல், அவர் மீதே போர்க்காலக் குற்றச்சாட்டுகள் இருந்தன. முறைப்பாடு செய்தவரையோ வைத்தியம் பார்த்தவர்களையோ அவர் சந்திக்கவே இல்லை என்று அதே நிறுவனம் எழுதியது.

இதில் எனக்கு உறைப்பது தண்டனை இல்லாமற் போனது மட்டும் இல்லை. மூன்று வருடம். படைப்பிரிவு மாறி மாறிப் போய்வந்திருக்கிறது, அதிகாரிகள் மாறியிருக்கிறார்கள், ஒவ்வொருவரும் தன் காலத்துக்குத் தானே நற்சான்றிதழ் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். எத்தனை முறைப்பாடு வந்தது என்று தொடர்ச்சியாக எழுதிவைக்க வெளியாள் ஒருவர் இருந்திருந்தால் மூன்றாவது மாதத்திலேயே ஒரு வடிவம் தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. எங்கள் ஒழுங்கைச் சந்தியில் ஓட்டோ ஓட்டும் ஒருவர் முன்னாள் சிப்பாய், லெபனானில் ஐ.நா. தொப்பியோடு ஒரு வருடம் நின்றவர். கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கும் பலகையில் ரப்பர்வளையம் போட்டு லைசன்ஸ், காப்புறுதிக் கடதாசியோடு ஒரு சின்ன அட்டையும் செருகிவைத்திருக்கிறார். ஐ.நா. தன் படையினர் எல்லோருக்கும் கொடுக்கும் "சாக்குப்போக்கு இல்லை" அட்டை அது. பதினெட்டு வயதுக்குக் கீழே யாரோடும் கூடாது, காசுக்கோ சாப்பாட்டுக்கோ கூடாது, கண்டால் அறிவிக்க வேண்டும், இப்படி. ஓரம் எல்லாம் வியர்வையில் ஊறி மஞ்சளாகிவிட்டது. "அய்யே, கண்டால் யாருக்கு அறிவிக்க வேணும்?" என்று கேட்டேன். "கமாண்டருக்குத்தான்." "கமாண்டரே செய்தால்?" அவர் சிரித்துக்கொண்டு மீட்டரைத் தட்டிவிட்டார். "மல்லி, பெற்றோல் விலையைப் பற்றிக் கதைப்போமே."

இரண்டாவது வழி, குற்றம் நடந்த நாட்டின் கையில் கொடுத்துவிடுவது. உணர்ச்சிக்கு இதுதான் சரி என்று படும், எனக்கும் முதலில் பட்டது. எங்கள் சனத்துக்கு இது ஏட்டு விஷயம் அல்ல. 1987 முதல் 1990 வரை வடக்குக் கிழக்கில் இந்திய அமைதிப்படை நின்றது. 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் புகுந்து வைத்தியர்கள், தாதியர், நோயாளர் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அதற்கு எந்த நாட்டு நீதிமன்றத்திலும் ஒருவருமே நிறுத்தப்படவில்லை. தில்லிக்குப் போவதா, கொழும்புக்குப் போவதா? எந்த வாசலும் தங்களுக்கானதாக இல்லாத ஊர் அப்போது யாழ்ப்பாணம். உள்ளூர் நீதிமன்றம் விசாரித்திருந்தால் என்ற ஏக்கம் இயல்பானது.

அந்த ஏக்கத்தோடு ஒகினாவாவைப் பாருங்கள். ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 வீதம்தான் அந்தத் தீவு மாகாணம். ஜப்பானில் அமெரிக்கப் படைக்கென்றே ஒதுக்கிய இடங்களில் ஏறத்தாழ 70 வீதம் அங்கே. 1960ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, பணி நேரத்துக்கு வெளியே சிப்பாய் ஒருவர் உள்ளூர்வாசிக்கு எதிராகச் செய்யும் குற்றத்தை ஜப்பான் விசாரிக்கலாம். ஆனால் ஆள் அமெரிக்கர் கையில் இருந்தால் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரைக்கும் அவர்களிடமே இருப்பார். 1995 செப்டெம்பரில் மூன்று படையினர் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைக் கடத்திக்கொண்டு போய்ச் சீரழித்தார்கள். தீவே திரண்டு வீதிக்கு வந்தது. அதற்குப் பிறகுதான், கொலை, பாலியல் வல்லுறவு வழக்குகளில் முன்கூட்டியே ஒப்படைப்பதை "அனுதாபத்தோடு பரிசீலிப்போம்" என்று அமெரிக்கா இறங்கிவந்தது. பரிசீலிப்போம் என்பதைக் கவனியுங்கள், ஒப்படைப்போம் என்று இல்லை. மூவருக்கும் நாஹா மாவட்ட நீதிமன்றம் 1996இல் ஆறரை முதல் ஏழு வருடம் வரை சிறை கொடுத்தது.

ஆக, நீதிமன்றம் வேலை செய்தது. தடுப்பு? 2023 டிசெம்பரில் மறுபடியும் ஒரு சிறுமி, பதினாறு வயதுக்குக் குறைவு, இந்த முறை விமானப்படைக்காரர். 2024 மார்ச்சில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதே வருடக் கடைசியில் ஐந்து வருடச் சிறைத்தண்டனை. இதில் வயிற்றைக் கலக்குவது இடையில் நடந்த கதை. படையினரின் குற்றம் பற்றி உள்ளூர் நிர்வாகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும் என்று இரு நாடுகளும் 1997இலேயே ஒரு நடைமுறை வகுத்திருந்தன. அப்படியிருந்தும் ஒகினாவா மாகாண அரசுக்கு அந்த விஷயம் தெரியவந்தது 2024 ஜூன் மாதம், அதுவும் ஊடகம் வெளியிட்ட பிறகு. தகவல் நின்றுபோனது தோக்கியோவில். அங்கே மத்திய அரசுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, தீவுக்கு வரவில்லை. தலைநகரத்துக்குக் கூட்டணி முக்கியம், தூரத்து ஊருக்குப் பிள்ளை முக்கியம். இதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிலிப்பைன்ஸ் கதை இன்னும் சுருக்கம். 2005இல் சூபிக் குடாவில் நடந்த பாலியல் வல்லுறவு வழக்கில் அமெரிக்கப் படையினர் ஒருவரை 2006 டிசெம்பரில், மணிலாவை ஒட்டிய மக்காத்தி நகர நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது. ஆளை யார் வைத்திருப்பது என்று இழுபறி. அடுத்த வருடத்துக் கூட்டுப் பயிற்சியை அமெரிக்கா இரத்துச் செய்தது. அந்த மாத முடிவுக்குள்ளேயே கைதி இரவோடு இரவாக அமெரிக்கத் தூதரகத்துக்கு இடம்மாறினார். 2009இல் மேன்முறையீட்டில் விடுதலை. கென்யாவில் 2012இல் நன்யுகி நகரில் ஆக்னஸ் வாஞ்சிரு என்ற இளம் தாய் கொல்லப்பட்ட வழக்கில், பிரித்தானியச் சிப்பாய் ஒருவர் அல்லது இருவர் செய்த கொலை என்று கென்ய மரண விசாரணை 2019இல் சொல்லியும், மேல் நீதிமன்றப் பிடியாணை வர 2025 ஆயிற்று. பதின்மூன்று வருடம். சட்டப்படி அதிகாரம் இருக்கிறது, ஆள் வேறு நாட்டில் இருக்கிறார்.

அதனால் இரண்டாவது வழியை நண்பருக்கு நான் முழுமையாகப் பரிந்துரைக்கவில்லை. இதற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது: அமைதிகாப்புப் படை போகும் இடங்களில் பாதிக்கு மேல் நீதிமன்றமே இடிந்து கிடக்கும், அதனால்தானே படையே போகிறது. மத்திய ஆபிரிக்கக் குடியரசிலோ தென் சூடானிலோ சாட்சியைப் பாதுகாக்க யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது, ஐ.நா. வழி. விசாரிக்கும் அதிகாரம் அனுப்பிய நாட்டிடம், ஆனால் முறைப்பாடு வாங்குவதும் எண்ணுவதும் ஐ.நா.விடம். 2003இல் பாலியல் சுரண்டலுக்கு எதிராகச் செயலாளர் நாயகத்தின் தடையறிவித்தல், 2005இல் ஜோர்தான் தூதுவராக இருந்த இளவரசர் செய்த் எழுதிய அறிக்கை, 2016இல் பாதுகாப்புச் சபையின் 2272ஆம் இலக்கத் தீர்மானம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தின் பலம் என்னவென்றால், தனி ஆளை விட்டு முழுப் படைப்பிரிவையே திருப்பி அனுப்பலாம். 2021 செப்டெம்பரில் மத்திய ஆபிரிக்கக் குடியரசிலிருந்து ஏறத்தாழ 450 பேர் கொண்ட கபோன் படைப்பிரிவை அப்படித்தான் அனுப்பினார்கள். இப்போது எந்த நாட்டுப் படை மீது எத்தனை முறைப்பாடு என்று நாட்டுப் பெயரோடு வெளியிடுகிறார்கள். இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெயர் வெளியே வரும் என்ற பயம் பாதுகாப்பு அமைச்சுகளுக்கு உண்டு.

ஆனால் திருப்பி அனுப்பிய பிறகு? விமானம் இறங்கியதோடு ஐ.நா.வின் கை முடிந்தது. ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்களுக்கு நடந்தது அதுதான். ஐ.நா.வின் கட்டளைக்குக் கீழே இல்லாமல் தனியாக நிற்கும் படை என்றால் அதுவும் இல்லை. அதே மத்திய ஆபிரிக்கக் குடியரசில் பிரெஞ்சுப் படையினர் சிறுவர்களிடம் நடந்துகொண்டது பற்றிய சாட்சியங்கள் 2014இலேயே ஐ.நா. அலுவலர்களுக்குத் தெரியும். அவை மேசைக்கு மேசை நகர்ந்த அழகை 2015 டிசெம்பரில் கனடாவின் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி மரி டெஷாம் தலைமையிலான குழு விலாவாரியாக எழுதிவைத்தது. கடைசியில் பிரான்சில் யார் மீதும் வழக்கு நடக்கவில்லை. இங்கே பூட்டு நல்ல பூட்டு, சாவியும் வெளியே இருக்கிறது, பெட்டிக்குள் இருக்கும் கடிதத்தை வாசிக்கத்தான் ஆளில்லை.

நாலாவது வழிதான் எனக்குப் பிடித்தது, அதனால் கூடவே சந்தேகப்பட வேண்டியதும் அதைத்தான். அனுப்பிய நாட்டுக்குள்ளேயே, சீருடைக்கு வெளியே ஒருவரிடம் கண்காணிப்பைக் கொடுப்பது.

கனடா இதற்கு வந்த பாதை பயங்கரமானது. 1993 மார்ச் 16 இரவு, சோமாலியாவில் கனேடிய வான்குடைப் படையணியின் முகாமில் பதினாறு வயதுப் பையன், ஷிடேன் அரோன், அடித்தே கொல்லப்பட்டான். அலறல் முகாம் முழுக்கக் கேட்டிருக்கிறது. ஒருவரும் தடுக்கவில்லை. விசாரணைக் குழு தோண்டியபோது வெளிவந்த விஷயம் இன்னும் மோசம்: அந்தப் படையணிக்குள் ஒழுக்கம் கெட்டுப்போயிருந்தது புறப்படுவதற்கு முன்பே தெரியும். 1992இல் கட்டளை அதிகாரியைக்கூட மாற்றியிருந்தார்கள். தெரிந்துகொண்டே அனுப்பினார்கள். 1995இல் அந்தப் படையணியையே கலைத்தார்கள், விசாரணைக் குழுவை அரசாங்கம் 1997இல் அவசரமாக முடித்துவைத்தது, ஆனாலும் அதன் தொடர்ச்சியாக 1998இல் படைகளுக்கு ஒம்புட்ஸ்மன் (முறைப்பாடுகளைக் கேட்டு விசாரிக்கும் சுயாதீன அதிகாரி), அடுத்த வருடம் இராணுவப் பொலிஸ் மீதான முறைப்பாடுகளுக்கு சிவிலியன் ஆணைக்குழு வந்தன. ஜேர்மனி இதை 1956இலேயே அரசியலமைப்பில் எழுதிவிட்டது, பாராளுமன்றத்தின் படை ஆணையாளருக்கு எந்தச் சிப்பாயும் மேலதிகாரியைத் தாண்டி நேரே எழுதலாம். நல்ல ஏற்பாடு, ஆனால் அது முதலில் சிப்பாய்களுக்காகச் செய்தது, முகாமுக்கு வெளியே நிற்கும் பெண்ணுக்காகச் செய்ததில்லை.

அமெரிக்கா நீண்ட காலம் முதலாவது வழியிலேயே பிடிவாதமாக நின்றது. 2006 மார்ச்சில் ஈராக்கின் மஹ்மூதியாவில் பதினான்கு வயதுப் பெண்ணைச் சிதைத்து அவளையும் பெற்றோரையும் சின்னத் தங்கச்சியையும் கொன்ற சிப்பாய்களில் முக்கியமானவர், ஈராக்கியரைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்று சில மாதங்களுக்கு முன்பே படையின் மனநலப் பிரிவிடம் சொல்லியிருந்தார். மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். தடுப்பு என்று நாங்கள் பேசுவது இந்த இடத்தைத்தான், இந்த ஒரு பதிவைத்தான். குற்றம் வெளியே வந்ததும் கட்டளைச் சங்கிலி வழியாக இல்லை. இன்னொரு இளம் சிப்பாய் மனநல ஆலோசனையின்போது வாய் திறந்ததால் வந்தது. அதற்குள் முக்கிய குற்றவாளி படையிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். வெளிநாட்டில் நடந்த குற்றத்தைச் சாதாரண நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்ததால்தான் கென்டக்கியில் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

பெரிய மாற்றத்துக்கு அவர்களுக்கு இன்னும் பதினைந்து வருடத்துக்கு மேல் பிடித்தது. டெக்சஸ் முகாம் ஒன்றில் 2020இல் வனெசா கியென் என்ற சிப்பாய் கொல்லப்பட்ட பிறகு எழுந்த கோபத்தில், கொலை, பாலியல் குற்றம், குடும்ப வன்முறை, ஆட்கடத்தல் போன்றவற்றில் வழக்குப் போடுவதா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கட்டளை அதிகாரிகளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். 2023 டிசெம்பர் 28 முதல் அது தனியான வழக்குத்தொடுநர்களிடம் இருக்கிறது. அவர்கள் தளபதிகளுக்குப் பதில் சொல்வதில்லை, அந்தந்தப் படையின் சிவிலியன் செயலாளருக்கே நேரடியாகப் பதில் சொல்கிறார்கள். உலகத்திலேயே கட்டளை அதிகாரிக்கு ஆகக்கூடிய மரியாதை கொடுக்கும் இராணுவம் சாவியைக் கைமாற்றியிருக்கிறது என்றால், இங்கே "ஒழுக்கம் கெட்டுவிடும்" என்று சொல்பவர்களுக்கு அதுவே பதில்.

சரி, இலங்கைக்கு? நண்பரிடம் நான் சொன்னது இதுதான், கொஞ்சம் திருத்தி எழுதுகிறேன். கதவை மூடும் வேலை, மது, விடுமுறைச் சீட்டு, ஆளை விலக்கிவைப்பது எல்லாம் கட்டளை அதிகாரியிடமே இருக்கட்டும். அவரை விட்டால் அதைச் செய்ய ஆளில்லை. எண்ணுவது, முறைப்பாட்டை வாங்குவது, வழக்குப் போடுவதா என்று தீர்மானிப்பது, இந்த மூன்றும் அவரிடம் இருக்கக்கூடாது.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அமைதிகாப்புப் பணிக்குப் போகிறவர்களின் மனித உரிமைப் பின்னணியைச் சரிபார்க்கும் வேலையில் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு ஏற்கெனவே இருக்கிறது. 2018இல் மாலியில் நின்ற எங்கள் படைப்பிரிவின் தளபதியையே, பின்னணி பற்றி வந்த தகவல்களுக்குப் பிறகு, திருப்பி அழைக்கும்படி ஐ.நா. கேட்டது ஞாபகம் இருக்கலாம். புறப்படும் வரைக்கும் மட்டும் என்று இருக்கும் அந்தக் கண்காணிப்பை, திரும்பி வரும் வரைக்கும் என்று நீட்டலாம். ஆணைக்குழுவுக்கு அதற்கு ஆளும் காசும் உண்டா என்பது வேறு சண்டை, அதையும் கடிதத்தில் கேட்டுவிட வேண்டியதுதான். வழக்குத்தொடரும் தீர்மானத்தைச் சட்டமா அதிபருக்குக் கொடுக்கலாம். இலங்கைப் பிரஜை வெளிநாட்டில் செய்யும் குற்றத்தை மேல் நீதிமன்றம் விசாரிக்க 1978ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தில் இடம் இருக்கிறது, 1949ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் கீழ் இராணுவ நீதிமன்றத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் அடைத்துவைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சட்டமா அதிபர் திணைக்களத்தின் வேகம் பற்றி நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ஆனாலும் அங்கே போகும் கோப்புக்கு ஓர் இலக்கமாவது இருக்கும்.

நண்பர் வாசித்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்: "முறைப்பாட்டை வாங்கிறது எண்டால், அங்கே போய் எங்கே, எந்த மொழியில வாங்கிறது?" எனக்குப் பதில் வரவில்லை. அன்று மாலை ஓட்டோக்காரரிடம் கேட்டேன், லெபனானில் ஒரு பொம்பிளை வாயிலுக்கு வந்து உங்கள் ஆள் ஒருவரைப் பற்றி ஏதும் சொல்லியிருந்தால் யாருக்கு விளங்கியிருக்கும் என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். வாயிலில் நின்ற பொடியன் ஒருவனுக்குக் கொஞ்சம் அரபு தெரியும் என்றார். தக்காளி, வெங்காயம், எவ்வளவு, நன்றி. மரக்கறி வாங்கப் போய்ப் பழகியதாம்.